ஆறாண்டு வாழ்ந்த ஒரு கட்சி: சுயேச்சைத் தொழிலாளர் கட்சியின் கதை

கட்சிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆட்சிக் கட்டிலில் ஏறிய கட்சிகளின் வரலாற்றையே எழுதி அமைவர். தோற்ற கட்சிகளுக்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தாலே பெரிது. அத்தகைய அடிக்குறிப்புகளுள் ஒன்றாக ஒடுங்கிப்போனது, டாக்டர் அம்பேத்கர் 1936 ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணத்தில் தோற்றுவித்த சுயேச்சைத் தொழிலாளர் கட்சி. அம்பேத்கரின் பெயரைச் சொன்னவுடன் மகாடு குளப் போராட்டமும், பூனா ஒப்பந்தமும், அரசியல் சட்டமும், நாகபுரியில் நடந்த பௌத்த மதமாற்றமும் நம் நினைவுக்கு வருகின்றன. உழவர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் திரட்டி, பதினான்கு உறுப்பினர்களோடு ஒரு சட்டமன்றத்துள் நுழைந்த அம்பேத்கர் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. அந்தக் கட்சி வாழ்ந்தது ஆறே ஆண்டுகள். அது எழுப்பிய கேள்வியோ இன்னும் முழுமையாக விடை பெறவில்லை. சாதியால் ஒடுக்கப்பட்டவனும் கூலியால் சுரண்டப்படுபவனும் ஒரே கொடியின்கீழ் நிற்க இயலுமா என்பதே அக்கேள்வி.

கட்சி பிறந்த சூழல்

1932 ஆம் ஆண்டு செப்டம்பர் 24 ஆம் நாள் கையெழுத்தான பூனா ஒப்பந்தம், தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதி முறையை மறுத்து, அதற்கு ஈடாக மாகாணச் சட்டமன்றங்களில் கூடுதலான ஒதுக்கீட்டு இடங்களை வழங்கியது. ஒவ்வோர் ஒதுக்கீட்டு இடத்துக்கும் முதலில் தாழ்த்தப்பட்ட வாக்காளர்கள் மட்டும் வாக்களித்து நால்வரைத் தெரிவு செய்ய வேண்டும்; பின்னர் அந்நால்வருள் ஒருவரை எல்லாச் சாதியினரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இறுதிச் சொல் பெரும்பான்மையினரிடமே இருந்தது. தாழ்த்தப்பட்டோரின் முழு நம்பிக்கை பெற்றவர் தோற்று, மற்றோர்க்கு உகந்தவர் வெல்லும் வாய்ப்பு இந்த முறைக்குள்ளேயே பொதிந்திருந்தது. அதனை உணர்ந்தே அம்பேத்கர் அடுத்த தேர்தலுக்கான திட்டத்தை வகுத்தார்.

1935 ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி வழங்கியது. வாக்குரிமை விரிவடைந்தது, எனினும் மக்களுள் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கினர்க்கே அது எட்டியது. அதே ஆண்டு அக்டோபர் 13 ஆம் நாள், நாசிக் மாவட்டத்து இயோலா நகரில் கூடிய மாநாட்டில், இந்துவாகப் பிறந்த தாம் இந்துவாக இறக்கப் போவதில்லை என்று அம்பேத்கர் அறிவித்தார். 1936 இல், லாகூரில் நிகழ்த்தப்படாமற்போன அவரது உரை 'சாதியை அழித்தொழித்தல்' என்னும் நூலாக வெளிவந்தது. சமயத் துறையில் இத்துணைக் கடுமையான முறிவு நிகழ்ந்துகொண்டிருந்த வேளையிலேதான், அரசியல் துறையில் சாதிப் பெயரே இல்லாத ஒரு கட்சியை அவர் தொடங்கினார். இது முரண்போலத் தோன்றலாம். ஆயினும் இரண்டும் ஒரே நோக்கின் இரு பக்கங்கள். சாதி என்பது தொழிற்பகுப்பு மட்டுமன்று, தொழிலாளர்களையே பகுத்து வைக்கும் முறை என்று அந்நூலில் அவர் வாதிட்டிருந்தார். பகுக்கப்பட்ட தொழிலாளர்களை ஒன்று சேர்க்கும் முயற்சி அவ்வாதத்தின் இயல்பான அடுத்த படியே ஆகும்.

1936 ஆகஸ்டு 15 ஆம் நாள் கட்சியின் திட்டம் வெளியாயிற்று. பதினோராண்டுகள் கழித்து இந்தியா விடுதலை பெறவிருந்த நாளாக அது அமைந்தது தற்செயலே. கட்சியின் பெயரில் தாழ்த்தப்பட்டோர் என்னும் சொல்லை விடுத்துத் தொழிலாளர் என்னும் சொல்லை ஏன் ஏற்றார் என்ற வினாவுக்கு அவர் அளித்த விளக்கம் எளியது. உழைப்பவர் என்னும் சொல்லுக்குள் தாழ்த்தப்பட்டோரும் அடங்குவர். தாழ்த்தப்பட்டோர் என்னும் சொல்லுக்குள் ஏனைய உழைப்பாளர் அடங்கார். 1930 இல் தொடங்கப்பெற்ற 'ஜனதா' என்னும் மராத்தி இதழ் கட்சியின் குரலாயிற்று.

திட்டமும் அதன் தன்மையும்

இந்தக் கட்சியின் திட்டம் இன்று படிப்போர்க்கும் வியப்பளிக்கும். மக்கள் நலனுக்குத் தேவைப்படும் இடங்களில் தொழில்களை அரசே நடத்தவும் உடைமை கொள்ளவும் வேண்டும் என்றது. உழவர்களுக்கு நில அடமான வங்கிகள், கூட்டுறவுச் சங்கங்கள், விற்பனைச் சங்கங்கள் ஆகியவற்றைக் கோரியது. நிலம் துண்டு துண்டாகச் சிதறுவதும், நிலத்தின்மீது அளவுக்கு மிஞ்சிய மக்கள் சார்ந்திருப்பதுமே உழவனின் வறுமைக்குக் காரணங்கள் என்று கண்டு, தொழிற்பெருக்கமும் தொழிற்கல்வியுமே அதற்கு மருந்து என்று கூறியது. ஆலைத் தொழிலாளர்க்கு வேலை நேர வரையறை, போதிய கூலி, ஊதியத்துடன் கூடிய விடுமுறை, குறைந்த வாடகையில் தூய குடியிருப்பு ஆகியவற்றுக்குச் சட்டம் வேண்டியது. கட்டாய இலவசத் தொடக்கக் கல்வி, முதியோர் கல்வி ஆகியவற்றோடு நில்லாமல், சிற்றூர்களுக்கு மன்றங்களும் நூலகங்களும் ஊர் ஊராகச் சென்று காட்டப்படும் திரைப்படங்களும் வேண்டும் என்றும் அத்திட்டம் பேசியது. சிற்றூர் வாழ்வின் உயர்வைப் பாடிய காலத்தில், சிற்றூரின் வெறுமையையும் இருளையும் கண்டு சொன்ன திட்டம் இது.

புரட்சியை அறிவித்த திட்டமன்று இது. சட்டமன்றத்தின் வழியாக, வரிவிதிப்பின் வழியாக, அரசின் செலவின் வழியாக மாற்றம் காண முனைந்த சீர்திருத்தத் திட்டமே. பொதுவுடைமையாளர் இதனைப் போதாதென்றனர். செல்வர் இதனை மிகையென்றனர். ஒரு பக்கம் விடுதலைப் போரின் பெயரால் எல்லாரும் ஒன்றுபட வேண்டும் என்ற காங்கிரஸ். மறுபக்கம் வர்க்கப் போரின் பெயரால் எல்லாத் தொழிலாளரும் ஒன்றுபட வேண்டும் என்ற பொதுவுடைமையாளர். இவ்விரு அழைப்புகளுக்கும் இடையே, ஒன்றுபடுமுன் உள்ளே இருக்கும் ஏற்றத்தாழ்வை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டது இச்சிறு கட்சி.

1937 தேர்தல்

1937 பிப்ரவரியில் பம்பாய் மாகாணத்தில் தேர்தல் நடைபெற்றது. மொத்தம் 175 இடங்கள். அவற்றுள் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டவை 15. சுயேச்சைத் தொழிலாளர் கட்சி நிறுத்திய வேட்பாளர்கள் 17 பேரே. பொது இடங்களில் நால்வரையும் ஒதுக்கீட்டு இடங்களில் பதின்மூவரையும் நிறுத்தி, முறையே மூன்றிலும் பதினொன்றிலும் வென்றது. ஒதுக்கீட்டு இடங்களில் எஞ்சிய நான்கே காங்கிரசுக்குக் கிடைத்தன. இதன் அருமையை உணரச் சென்னை மாகாணத்தோடு ஒப்பிட்டால் போதும். அங்கே 30 ஒதுக்கீட்டு இடங்களுள் 26 இடங்களைக் காங்கிரஸ் கைப்பற்றியது.

வெற்றிக்குப் பல காரணங்கள் உண்டு. பத்தாண்டுக்கால மகாடு, நாசிக் போராட்டங்கள் தந்த அமைப்பு வலிமை அவற்றுள் முதன்மையானது. மற்றொன்று வாக்களிக்கும் முறை. பம்பாயில் பல உறுப்பினர் தொகுதிகளில் ஒரு வாக்காளர் தமக்குரிய எல்லா வாக்குகளையும் ஒரே வேட்பாளர்க்கு அளிக்கலாம். சிறுபான்மையினர் சிதறாமல் நின்றால் பெரும்பான்மையின் துணையின்றியே தம் ஆளை வெல்லச் செய்யலாம். பூனா ஒப்பந்தம் பறித்ததில் ஒரு பகுதியை இம்முறை திருப்பித் தந்தது எனலாம்.

அம்பேத்கர் நின்ற தொகுதி பம்பாய் நகரத்தின் பைகுல்லா, பரேல் பகுதி. அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியவர் பல்வங்கர் பாலு. இப்பெயர் இன்று பலர்க்குத் தெரியாது. இந்தியக் கிரிக்கெட்டின் முதற் பெரும் சுழற்பந்து வீச்சாளர் அவர். தோல்தொழில் சாதியிற் பிறந்து, பூனாவில் ஐரோப்பியர் மன்றத்து ஆடுகளத்தைச் செப்பனிடும் பணியாளாக இருந்து, அவர்களுக்குப் பயிற்சிக்காகப் பந்து வீசியே கலை கற்றவர். 1911 இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அவ்வாறிருந்தும், இந்து அணியினர் உள்ளே அமர்ந்து தேநீர் அருந்த, அவருக்கு வெளியே மண் குவளையில் தேநீர் தரப்பட்ட காலமும் இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களின் முதற் புகழ்மகனாகத் திகழ்ந்த அவரை இளமையில் அம்பேத்கரும் போற்றியவரே. பூனா ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட்டவர்கள். ஆயினும் கூட்டுத் தொகுதியை வேண்டியவர் பாலு, தனித் தொகுதிக்காகப் போராடி வேறு வழியின்றி விட்டுக்கொடுத்தவர் அம்பேத்கர். இவ்விருவரும் எதிரெதிரே நின்ற தேர்தலில் அம்பேத்கர் 13,245 வாக்குகளும் பாலு 11,225 வாக்குகளும் பெற்றனர். வேறுபாடு இரண்டாயிரத்துச் சொச்சமே. அம்பேத்கரின் தலைமை ஐயத்துக்கு இடமின்றி எல்லாராலும் ஏற்கப்பட்டிருந்தது என்று பிற்காலத்தில் எழுந்த எண்ணத்தை இந்த எண்ணிக்கை சற்றே திருத்துகிறது.

பொது இடங்களில் வென்றவர்கள் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் அல்லர். மகாடு போராட்டக் காலந்தொட்டு அம்பேத்கருடன் நின்ற அனந்த் சித்ரே, சுரேந்திரநாத் டிப்னிஸ் ஆகியோரும், சியாம்ராவ் பருலேகரும் கொங்கணப் பகுதியில் வெற்றி பெற்றனர். மேல்சாதியிற் பிறந்தோர், மகார் ஒருவரின் தலைமையை ஏற்று, உழவர் வாக்குகளைப் பெற்று வந்தனர் என்பது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. நாசிக்கில் வென்ற பாவுராவ் கெய்க்வாட், பின்னாளில் தாதாசாகேப் என்று மக்களால் அழைக்கப்பட்டவர், கட்சியின் தூண்களுள் ஒருவரானார்.

கோத்தி முறையும் உழவர் அணிவகுப்பும்

கட்சியின் தன்மையைத் தெளிவாகக் காட்டியது கோத்தி முறைக்கு எதிரான போராட்டம். கொங்கணத்தின் இரத்தினகிரி, கொலாபா மாவட்டங்களில் அரசுக்கும் உழவனுக்கும் இடையே கோத் எனப்பட்ட இடைத்தரகர் இருந்தார். அரசுக்கு நிலவரி செலுத்தும் பொறுப்பை ஏற்று, உழவனிடமிருந்து விளைச்சலிற் பெரும்பங்கை அவர் எடுத்துக்கொள்வார். அதற்குமேல் கூலியில்லா வேலையும் வாங்குவார். கோத்துகளிற் பலர் பிராமணர். மராத்தியரும் முஸ்லிம்களும் உண்டு. உழவர்களோ குன்பி, ஆக்ரி, பண்டாரி, மகார் முதலிய பல சாதியினர். ஒரே கோத்தின் கொடுமை, தம்முள் தீண்டாமை பாராட்டிய இச்சாதிகள் அனைத்தின் மீதும் ஒருங்கே விழுந்தது. கூட்டணிக்கான களம் அங்கே இயற்கையாகவே அமைந்திருந்தது.

கொலாபா மாவட்டத்து அலிபாகை அடுத்த சரி என்னும் சிற்றூரிலும் சுற்றுப்புறத்திலும், நாராயண் நாகு பாட்டில் என்பவரின் தலைமையில் உழவர்கள் 1933 முதல் நிலத்தை உழ மறுத்து வேலைநிறுத்தம் செய்துவந்தனர். ஆலையில் வேலைநிறுத்தம் செய்பவன் கூலியை இழக்கிறான். வயலில் வேலைநிறுத்தம் செய்பவன் தன் சோற்றையே இழக்கிறான். அவ்வாறு இழந்தும் ஆண்டுக்கணக்கில் அம்மக்கள் தளராது நின்றனர். அம்பேத்கர் அவர்களுக்கு ஆதரவு அளித்துவந்தார். சட்டமன்றம் கூடியதும், 1937 செப்டம்பர் 17 ஆம் நாள், கோத்தி முறையை ஒழிக்கும் மசோதாவை அவர் கொண்டுவந்தார். கோத்துகளுக்கு இழப்பீடு தந்து அவர்களை விலக்கி, உழவனை அரசோடு நேரே தொடர்புடைய நில உரிமையாளன் ஆக்குவதே அதன் சாரம்.

மசோதாவை அமைச்சரவை விரைந்து எடுத்துக்கொள்ளவில்லை. 1938 சனவரியில் கொங்கணத்திலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான உழவர்கள் பம்பாய்க்கு வந்து சட்டமன்றத்தை நோக்கி அணிவகுத்தனர். அம்பேத்கருடன் குஜராத்தின் உழவர் தலைவர் இந்துலால் யாக்னிக் முதலியோரும் அவர்களோடு நின்றனர். தீண்டத்தகாதவரும் தீண்டத்தக்கவரும் தோளோடு தோள் உரசி நடந்த அவ்வூர்வலம், மசோதாவைக் காட்டிலும் பெரிய செய்தியைச் சொல்லிற்று. எனினும் மசோதா சட்டமாகவில்லை. 1939 இல் காங்கிரஸ் அமைச்சரவை குத்தகைதாரர் பாதுகாப்புக்காகத் தனியே ஒரு சட்டம் இயற்றியதோடு அமைந்தது.

அதே சனவரி மாதத்தில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. உள்ளாட்சி அமைப்புகள் பற்றிய திருத்த மசோதாவில் தீண்டப்படாதாரைக் குறிக்க 'அரிசன்' என்னும் சொல் வைக்கப்பட்டது. எங்கள் பெயரை எங்களைக் கேளாமல் முடிவு செய்ய நீங்கள் யார் என்ற உணர்வோடு கெய்க்வாடும் அம்பேத்கரும் மறுப்புத் தெரிவித்தனர். பெரும்பான்மை வாக்கு மறுப்பை வீழ்த்தவே, கட்சியினர் அவையிலிருந்து வெளிநடப்புச் செய்தனர்.

ஆலையும் வேலைநிறுத்தமும்

பம்பாயின் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவே கூலி மிகுந்த பிரிவு. அங்கே தாழ்த்தப்பட்டோர்க்கு இடமில்லை. காரணம், நாடாவில் புதிய நூற்கண்டை வைக்கும்போது நூல் முனையை வாயால் உறிஞ்சி இழுக்கும் வழக்கம் இருந்தது. தீண்டத்தகாதவன் வாய்பட்ட நாடாவைத் தம் வாயில் வைக்க ஏனைய தொழிலாளர் ஒப்பவில்லை. முதலாளி விதித்த தடையன்று இது, உடன் உழைப்பவர் விதித்த தடை. 1928 வேலைநிறுத்தக் காலத்திலேயே இத்தடையை நீக்கும் கோரிக்கையைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று அம்பேத்கர் வற்புறுத்தியிருந்தார். பொதுவுடைமையாளரோடு அவருக்கிருந்த பிணக்கின் வேர் இங்கேதான் உள்ளது. கூலி உயர்வுக்கு முதலாளியை எதிர்ப்பது எளிது. உடனிருக்கும் தோழனின் சாதிச் செருக்கை எதிர்ப்பது அரிது என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

1938 பிப்ரவரியில் மன்மாடு நகரில் கூடிய தாழ்த்தப்பட்ட இரயில்வேத் தொழிலாளர் மாநாட்டில், தொழிலாளர்க்குப் பகை இரண்டு. ஒன்று பார்ப்பனியம், மற்றொன்று முதலாளித்துவம் என்று அவர் எடுத்துரைத்தார். பார்ப்பனியம் என்று தாம் குறிப்பது பிராமணச் சாதியாரின் அதிகாரத்தையன்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றை மறுக்கும் மனப்பான்மையையே என்றும், அது எல்லாச் சாதியினரிடமும் பரவிக் கிடக்கிறது என்றும் விளக்கினார். கட்சியின் கோட்பாட்டைச் சுருங்கச் சொல்லும் உரை வேறு இல்லை.

அவ்வாண்டு செப்டம்பரில் பி.ஜி. கேர் தலைமையிலான காங்கிரஸ் அமைச்சரவை தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. சமரச நடவடிக்கை முடியும்வரை வேலைநிறுத்தம் செய்யக்கூடாது. மீறினால் தண்டனை என்பது அதன் முக்கியக் கூறு. செப்டம்பர் 15 ஆம் நாள் அம்பேத்கர் அதனை எதிர்த்து நீண்டதோர் உரை நிகழ்த்தினார். வேலைநிறுத்தம் ஒப்பந்த மீறலாயின் அது உரிமையியல் தவறு. குற்றவியல் தண்டனைக்குரிய குற்றமன்று. விருப்பமில்லாதவனைத் தண்டனை காட்டி வேலை வாங்குவது அடிமைத்தனம் அன்றி வேறென்ன என்பதே அவ்வுரையின் மையம். விடுதலைக்கான உரிமை தேசத்துக்கு உண்டெனின், அதே உரிமையின் மற்றொரு பெயரே வேலைநிறுத்தம் என்றும் அவர் வாதிட்டார்.

1938 நவம்பர் 7 ஆம் நாள் பம்பாயில் ஒருநாள் வேலைநிறுத்தம் நடைபெற்றது. முன்னர்ப் பகைத்து நின்ற பொதுவுடைமையாளரும் சுயேச்சைத் தொழிலாளர் கட்சியினரும் அன்று ஒரே களத்தில் நின்றனர். டாங்கேயும் அம்பேத்கரும் ஒரே மேடையில் பேசினர். சமதா சைனிக் தளத்தின் தொண்டர்கள் ஆலைப்பகுதிகளில் பணியாற்றினர். காவல்துறையின் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. அன்று ஆட்சியில் இருந்தது அயலவர் அரசன்று, மக்கள் தேர்ந்த அமைச்சரவை என்பது பலர் மனத்தில் ஆழமான வடுவை விட்டது. மசோதா சட்டமாயிற்று. ஆனால் சாதியால் பிரிந்த தொழிலாளர் ஒருநாளாவது ஒன்றாக நிற்க இயலும் என்பதை அந்நாள் மெய்ப்பித்தது.

வேலைநிறுத்தத்துக்கு மூன்று நாள் கழித்து, கட்சியின் உறுப்பினர் ரோஹம் குடும்பக் கட்டுப்பாட்டுக்கு அரசு ஆவன செய்ய வேண்டும் என்னும் தீர்மானத்தை அவையில் முன்மொழிந்தார். அதற்கான உரையை ஆயத்தம் செய்தவர் அம்பேத்கரே. தீர்மானம் தோற்றது. ஏழைப் பெண்ணின் உடல்நலத்தைச் சட்டமன்றத்தின் பொருளாக்க முனைந்த துணிவு அக்காலத்தில் அரிது. மகார்களைப் பரம்பரை ஊர்ப்பணியில் கட்டிப்போட்டிருந்த வதன் முறையைத் திருத்த, 1928 இலேயே தொடங்கிய முயற்சியையும் கட்சி மீண்டும் கையிலெடுத்தது.

தேய்வும் முடிவும்

1939 இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. தம்மைக் கேளாமல் இந்தியாவைப் போரில் ஈடுபடுத்தியதை எதிர்த்துக் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி துறந்தன. பம்பாயில் ஆளுநர் ஆட்சி வந்தது. சட்டமன்றத்தையே தன் களமாகக் கொண்ட சிறு கட்சிக்கு இது பேரிடி. மசோதா கொண்டுவர அவை இல்லை. கேள்வி கேட்க அமைச்சர் இல்லை. கட்சியின் வாழ்வில் அவை உயிரோட்டத்துடன் இயங்கிய காலம் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளே.

வேறு தடைகளும் இருந்தன. கட்சி பம்பாய் மாகாணத்தையும் மத்திய மாகாணத்தின் சில பகுதிகளையும் கடந்து வேரூன்றவில்லை. தாழ்த்தப்பட்டோருள்ளும் மகார்களே அதன் உயிர்நாடி. சாமர், மாங்கு வகுப்பினருட் பலர் விலகியே நின்றனர். பஞ்சாலைச் சங்கங்கள் பெரும்பாலும் பொதுவுடைமையாளர் கையிலேயே இருந்தன. நிலமுடைய உழவர் காங்கிரசை நாடினர். பெயரில் எல்லா உழைப்பாளர்க்கும் உரியதாய் இருந்த கட்சி, நடைமுறையில் ஒரு வகுப்பின் தோள்களிலேயே நின்றது.

இறுதி முடிவுக்குக் காரணமானது தில்லியில் நிகழ்ந்த பேச்சுவார்த்தை. 1942 மார்ச்சில் சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் வந்தார். அதிகார மாற்றம் பற்றிய அப்பேச்சில் பிரிட்டிஷார் கண்ட இந்தியா, வகுப்புகளின் தொகுதியான இந்தியா. முஸ்லிம்களுக்கு ஒரு கட்சி, சீக்கியர்க்கு ஒரு கட்சி; ஆனால் தாழ்த்தப்பட்டோர் பெயரால் அனைத்திந்தியக் கட்சி எதுவும் இல்லை. தொழிலாளர் என்ற பெயரோடு வந்தவர்க்கு அந்த மேசையில் நாற்காலி இல்லை. அம்பேத்கரும் சென்னையின் எம்.சி. ராஜாவும் ஒருங்கே கிரிப்ஸைச் சந்தித்து, அவரது திட்டத்தைத் தாழ்த்தப்பட்டோர் ஏற்கவியலாது என்று தெரிவித்தனர். 1932 இல் கூட்டுத் தொகுதியை ஆதரித்து அம்பேத்கரை எதிர்த்து நின்றவர் ராஜா. 1938 இல் சென்னைச் சட்டமன்றத்தில் தாம் கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதாவுக்கு இராஜாஜி அமைச்சரவையின் ஆதரவு கிட்டாமையைக் கண்டபின் காங்கிரசின்மீது நம்பிக்கை இழந்தவர். பத்தாண்டுப் பிணக்கு அங்கே முடிந்தது.

1942 சூலையில் நாகபுரியில் அனைத்திந்தியத் தாழ்த்தப்பட்டோர் மாநாடு கூடியது. தலைமை தாங்கியவர் சென்னையைச் சேர்ந்த வழக்குரைஞர் இராவ்பகதூர் என். சிவராஜ். பட்டியல் இனத்தார் கூட்டமைப்பு அங்கே உருவாயிற்று. சிவராஜே அதன் தலைவரானார். சுயேச்சைத் தொழிலாளர் கட்சியின் வரலாறு அத்துடன் முடிவுற்றது. தொழிலாளர் என்ற அகன்ற பெயரை விட்டு, பட்டியல் இனத்தார் என்ற குறுகிய பெயருக்கு அம்பேத்கர் திரும்பியது பின்வாங்கல் என்பர் சிலர். வாய்ப்புக் கிடைத்த வாயில் வழியே நுழைந்தார் என்பதே பொருந்தும். நாட்டின் எதிர்காலம் வகுப்புவாரியாகப் பங்கிடப்படும்போது, வகுப்பின் பெயரைச் சொல்லாதவன் பங்கு பெறாமலே போவான்.

ஆயினும் குறுகிய பெயரும் வெற்றி தரவில்லை. 1946 தேர்தலில் நாடெங்கும் இருந்த 151 ஒதுக்கீட்டு இடங்களுள் கூட்டமைப்பு பெற்றவை இரண்டே. 1937 இல் பம்பாயில் மட்டும் பதினொன்று வென்ற நிலையோடு இதனை ஒப்பிட்டால், அகன்ற பெயர் பெற்றுத் தந்தது எவ்வளவு என்பது விளங்கும்.

எஞ்சியவை

கட்சி மறைந்த அதே சூலை மாதத்தில் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அரசு, முதலாளி, தொழிலாளர் ஆகிய முத்தரப்பும் கூடிப் பேசும் மாநாட்டு முறை, வேலைவாய்ப்பு நிலையங்கள், ஆலைகளில் வாரத்துக்கு 48 மணி நேர வேலை என அவர் பொறுப்பில் இருந்த 1942–46 காலத்தில் உருவானவை பல. கட்சித் திட்டத்தில் எழுத்தாக இருந்தவற்றுட் சில அரசாணையாக வெளிவந்தன. 1947 இல் அவர் வெளியிட்ட 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்னும் அறிக்கை, முக்கியத் தொழில்களும் நிலமும் அரசுடைமையாக வேண்டும் என்று கோரியது. 1936 ஆம் ஆண்டுத் திட்டத்தின் முதிர்ந்த வடிவமே அது.

பம்பாய் மாகாணம் 1949 இல் கோத்தி ஒழிப்புச் சட்டம் இயற்றியது. அம்பேத்கரின் மசோதாவுக்கும் அச்சட்டத்துக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். மகார் வதன் முறையை 1958 இல் இயற்றப்பெற்ற சட்டம் ஒழித்தது. அவர் முதலில் மசோதா கொண்டுவந்த 1928 இலிருந்து கணக்கிட்டால் முப்பது ஆண்டுகள். அதனைக் காண அவர் உயிரோடில்லை. பதினான்கு பேர் தோற்ற வாக்கெடுப்புகளில் அவர்கள் கேட்டவற்றை, வென்றவர்களே பின்னர்ச் சட்டமாக்கினர். பெயர் மட்டும் வேறாயிருந்தது.

கட்சியின் மனிதர்களும் அவரவர் வழியிற் சென்றனர். பருலேகர் பொதுவுடைமை இயக்கத்தில் சேர்ந்து, துணைவியார் கோதாவரி பருலேகருடன் 1945 இல் தாணே மாவட்டத்து வார்லிப் பழங்குடியினரின் கூலியில்லா வேலைக்கு எதிரான எழுச்சிக்குத் தலைமை ஏற்றார். கெய்க்வாட் அம்பேத்கருடனே இருந்து, அவர் மறைந்தபின் 1957 இல் தோன்றிய இந்தியக் குடியரசுக் கட்சியில் முன்னணித் தலைவரானார். நிலமற்றோர்க்கு நிலம் கேட்டு 1964 இல் நாடளாவிய அறப்போர் நடத்தினார். ஒருவர் வர்க்கத்தின் பெயரால் சென்றார். மற்றவர் ஒடுக்கப்பட்டோரின் பெயரால் சென்றார். இருவரும் சென்று சேர்ந்த இடம் நிலமற்ற ஏழையின் குடிசையே. அவ்விருவரும் ஒரே கட்சியின் உறுப்பினர்களாக ஒரே அவையில் அடுத்தடுத்து அமர்ந்திருந்த காலம் ஒன்று இருந்தது. பிரிந்த பாதைகள் ஒருகால் ஒன்றாக இருந்தன என்பதற்கு அந்தப் பதினான்கு இருக்கைகளே சான்று.